ஓல்காவின் வீட்டோடு மாப்பிள்ளை

தலிபோர் அறைக் கதவைத் திறந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மலைப்பாம்புகள் இருந்திருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றும் நேற்றைவிடப் பருமனாக இருந்தது.

முதலில் மூடியைப் பார்த்தான். பூட்டு அப்படியே இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் பார்த்தான். மரக்கட்டைக்குப் பின்னால் பார்த்தான். கடைசியில், பார்க்கவே கூடாது என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இடத்தை, அதாவது ஓல்காவின் வயிற்றைப் பார்த்தான்.

மனைவி யித்கா காப்பிக் கோப்பையோடு வந்து வாசலில் நின்றாள். பதினெட்டு வருடத்தில் அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

"இன்னொன்னு எங்கே?"

"இருக்கு."

"எங்கே இருக்கு?"

"உள்ளேதான்."

யித்கா வாசலிலிருந்தே பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு ஓல்காவைப் பார்த்தாள். கோப்பையை வெளியே இருந்த அலமாரி மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை லிபுஷே வராங்க."

அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான்.

ஓஸ்த்ராவாவில் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய இந்த அடுக்குமாடிகளில், சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்வார். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் நாலாவது மாடியில் ஐந்து மீட்டர் நீள ஓல்காவை டிராம் ஓட்டும் தலிபோர் வளர்த்து வந்தான். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவன் குடிக்கிறான், ஒருவன் புறா வளர்க்கிறான், இவன் இப்படி. காணாமல் போனது அவனுடைய சொந்தப் பாம்பாக இருந்தால் தலிபோர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு எழுந்திருப்பான். ஆனால் அது அவனுடைய பாம்பு இல்லை, லிபுஷேயுடையது. பெயர் மந்திரி.

தின்பது, தூங்குவது தவிர வேறு வேலை பார்க்காததால் போஹுஷ் அதற்கு அந்தப் பெயரை வைத்திருந்தான். போஹுஷ் தலிபோரின் ஒரே நண்பன். செப்டம்பரில் போய்விட்டான். நிலக்கரித் தூளை ஆயுசுக்கும் இழுத்த நுரையீரல், ஒரு நாள் போதும் என்று சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மனைவி லிபுஷேயிடம் சத்தியம் வாங்கினான்.

"மந்திரியை விக்கக் கூடாது. யாருக்கும் குடுத்துடக் கூடாது. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போய் ஊசி போட்டுடக் கூடாது. அவனா போற வரைக்கும் நம்ம வீட்லதான் இருக்கணும்."

சுவரில் தொங்கிய சிலுவையைப் பார்த்து லிபுஷே சத்தியம் செய்தாள். பிறகு போஹுஷ் தலிபோரின் கையைப் பிடித்தான். "நீயும் பார்த்துக்கோ," என்றான். மனிதர்கள் யாரைப் பற்றியும் அவன் கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாம்பு வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் ஆண் பாம்பை இரவல் கொடுப்பார்கள். முட்டை பொரிந்ததும் குட்டிகளில் பாதி ஆண் பாம்பின் சொந்தக்காரருக்கு. போஹுஷ் மந்திரியை ஊரில் உள்ள பெண் பாம்புகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான். ஓல்காவுக்கு மட்டும் அனுப்பியதில்லை. "அவ பார்வையே சரியில்லைடா," என்பான். ஒபாவாவில் எவனோ ஒருவனிடம் இருந்த பெண் பாம்பு, ஒரே ராத்திரியில் மாப்பிள்ளையை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருந்த கதையைச் சாப்பாட்டு மேஜையிலேயே சொல்வான். லிபுஷே அகப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பாள்.

நவம்பரில் அவளாகவே தலிபோருக்குப் போன் செய்தாள்.

"மந்திரியை இந்தத் தடவை உன் ஓல்காகிட்ட விடலாம்னு நினைக்கறேன். இரவல்தானே. குடுத்துட்டதா ஆகாதே."

"ஆகாது லிபுஷே. ஆனா போஹுஷுக்கு இதுல..."

"போஹுஷ் இல்லையே இப்ப," என்றாள் அவள். "ஒண்ணு மட்டும். ஓல்காவுக்குக் கொஞ்ச நாள் தீனி குறைச்சு வை. பட்டினி இருந்தாத்தான் கூடும்னு போஹுஷ் சொல்வான்."

போஹுஷ் அப்படிச் சொல்லித் தலிபோர் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு விதவையின் வார்த்தையை எப்படி மறுப்பது? தன்னை நம்பி இத்தனை பெரிய பொறுப்பைத் தருகிறாளே என்று கண் கலங்கி, ஓல்காவைப் பட்டினி போட்டு, மந்திரியை உள்ளே விட்டான். விட்டதன் பலன் இப்போது மினுமினுவென்று சுருண்டு படுத்திருந்தது.

"உண்மையைச் சொல்லிடு," என்றாள் யித்கா.

"சொல்லலாம். அந்த அம்மா நெஞ்சு வெடிச்சுச் செத்துடுவாங்க. அதையும் சொல்லிடலாமா?"

"அப்ப என்ன பண்ணப்போறே?"

"யோசிக்கறேன்."

அவன் யோசிக்கிறேன் என்றால் வீட்டுக்கு ஏதோ செலவு வைக்கப்போகிறான் என்று அர்த்தம். யித்கா கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லிபுஷே கறுப்புக் கோட்டோடு வந்தாள். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு விருந்தாளிச் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பாம்பு அறைக்குப் போனாள். பெட்டியைத் தடித்த போர்வையால் மூடி வைத்திருந்தான் தலிபோர்.

"என்ன இது?"

"தொந்தரவு பண்ணக் கூடாத நேரம்," என்றான் அவன்.

"ரெண்டும் ஒரே பெட்டியிலதானே இருக்கு?"

"ஆமா."

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதா?"

"பிரிச்சுப் பார்க்க முடியாது லிபுஷே. அப்படி ஆயிடுச்சு."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. லிபுஷே போர்வைமேல் கையை வைத்தாள். போர்வையை விலக்கிப் பார்க்க விரல்கள் துடித்ததைத் தலிபோர் கவனித்தான். என்ன பாசம் என்று நினைத்து உள்ளுக்குள் செத்தான்.

"அடுத்த வாரம் வரேன்," என்றாள் அவள். "அப்ப பார்த்துடணும். எதுவானாலும் என் கண்ணால பார்த்தாத்தான் நிம்மதி."

மறுநாளே தலிபோர் பக்கத்து ஊரில் இருந்த ஹிநெக்கிடம் போனான். ஹிநெக்கிடம் மந்திரியைப் போலவே அளவிலும் நிறத்திலும் ஓர் ஆண் பாம்பு இருந்தது. ஹிநெக் காசு கேட்கவில்லை. ஓல்காவின் குட்டிகளில் பாதி கேட்டான். பாதி லிபுஷேக்கு, பாதி ஹிநெக்குக்கு என்று கணக்கு முடிந்துபோனதில் தலிபோருக்கு மிச்சமானது தரை துடைக்கும் வேலை மட்டும்தான். அதற்கும் ஓல்கா முட்டை போட வேண்டும். முட்டைக்கான மாப்பிள்ளை அவள் வயிற்றில் செரித்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எப்போதோ விளக்கில் சுட்டுக்கொண்டதால் மந்திரியின் வாலுக்கு மேலே கட்டைவிரல் அகலத்தில் வெளுத்த தழும்பு ஒன்று உண்டு. புதியவன் வாலில் அப்படி எதுவும் இல்லை.

"சுடப்போறியா என்ன?" என்றாள் யித்கா.

"சீச்சீ. உன் நகப்பூச்சு இருக்கே, எலும்பு நிறத்துல."

யித்கா போய்ப் பூச்சுப் புட்டியை எடுத்து வந்தாள். பிறகு பதினெட்டு வருடச் சபதத்தை உடைத்து வாசலைத் தாண்டினாள். அவன் வாலைப் பிடித்துக்கொள்ள, அவள் மண்டியிட்டு, முகப் பவுடர் கலந்து, ஊதி ஊதிப் பூசினாள்.

"என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு நேரம் அலங்காரம் பண்ணிக்கலை," என்றாள்.

தழும்பு அச்சாக வந்திருந்தது. குணம்தான் வரவில்லை. மந்திரியைத் தோளில் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கலாம். புதியவனோ கதவு சாத்தும் சத்தத்துக்கே சீறினான்.

அடுத்த ஞாயிறு லிபுஷே பெட்டி முன்னால் வந்து நின்றாள். ஓல்கா பெரிய பெட்டியில், புதியவன் பக்கத்தில் சின்னப் பெட்டியில். அவனைப் பார்த்ததும் அவள் உதடு துடித்தது. கண்ணில் நீர் வந்தது.

"இருக்கான்," என்றாள்.

"இருக்கான் லிபுஷே. கல்லு மாதிரி இருக்கான்."

"ஏன் பிரிச்சே? நான் பிரிக்கச் சொல்லலையே."

"கூடி முடிஞ்சுது. ஓல்கா வயிறைப் பாருங்க. முட்டை."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

தலிபோர் பேச்சை மாற்றுவதற்காகச் சின்னப் பெட்டிக்குள் கையை விட்டான். மந்திரி என்றால் கையில் ஏறி வருவான். புதியவன் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினான். பாம்பின் பல் உள்பக்கம் வளைந்தது. இழுத்தால் சதையோடு வரும்.

யித்கா சமையலறைக்கு ஓடி, தன் அப்பா காய்ச்சிக் கொடுத்த பிளம் சாராயப் புட்டியோடு வந்து, பாம்பின் வாய்க்குள் ஊற்றினாள். வாடையில் வாய் திறந்துகொண்டது. ரத்தம் தரைவிரிப்பில் சொட்டியது.

லிபுஷே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "போஹுஷ் இருந்திருந்தா அந்தச் சாராயத்துக்குத்தான் வருத்தப்பட்டிருப்பான்," என்றாள். பிறகு, "மந்திரி யாரையும் கடிச்சதில்லையே."

"துக்கம்," என்றான் தலிபோர், கையில் துண்டைச் சுற்றியபடி. "போஹுஷை நினைச்சு ஏங்குது."

"பாம்பா?"

"இது வேற மாதிரிப் பாம்பு, லிபுஷே."

"அப்படின்னா தனியா வெக்காதே, பாவம்," என்றாள் அவள் உடனே. "ஓல்காகூடவே விடு. என் கண்ணு முன்னாடி விடு."

வேறு வழி தெரியவில்லை. விட்டான். ஒரு கையில் கொக்கிக் கம்பி, துண்டு சுற்றிய கையில் சாராயப் புட்டி. லிபுஷே நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஓல்கா தலையைத் தூக்கும்போதெல்லாம் தலிபோர் கம்பியை நீட்டினான். அவன் நீட்டும்போதெல்லாம் லிபுஷே பெருமூச்சு விட்டாள்.

"சும்மா இரேன். இயற்கையா விட்டுடு," என்றாள்.

"விட்டா என்ன ஆகும்னு தெரியாது."

"பட்டினி போடச் சொன்னேனே. இவ்வளவு குண்டா இருக்காளே, தீனி போட்டியா?"

"ஒரே ஒரு தடவை," என்றான் தலிபோர். "கொஞ்சம் பெரிசாப் போட்டுட்டேன்."

அதற்கடுத்த ஞாயிறும் இதே கூத்து. அன்று காப்பி குடிக்கும்போது லிபுஷே தன் வீட்டைப் பற்றிப் பேசினாள். இருப்பது இரண்டு அறை. வெளிச்சம் வரும் பெரிய அறை மந்திரிக்கு. அவன் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் சமையலறை பெஞ்சில்தான் தூங்குகிறாள்.

"பொண்ணு கூப்பிட்டுட்டே இருக்கா, ஸ்நோய்மோவுக்கு. திராட்சைத் தோட்டம், வெயிலு, பேத்தி. எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா. பாம்போட மட்டும் வராதேன்னுட்டா."

"நான் வெச்சுக்கறேனே மந்திரியை. நீங்க நிம்மதியாப் போங்க."

"யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சிலுவையைப் பார்த்துச் சொல்லியிருக்கேன். வசந்தம் வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அவனா போற வரைக்கும்." அவள் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "போஹுஷ் அப்படித்தான் சொன்னான்."

அவள் போனபிறகு தலிபோர் அழுதுவிட்டான்.

"பேத்தியைவிட அந்தப் பாம்பு பெரிசா இருக்குடி அவங்களுக்கு. நான் அதைக் கொன்னுட்டேன்."

"இன்னிக்கு அழு. அடுத்த வாரம் சொல்லிடு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சொல்லிடு," என்றாள் யித்கா. "பண்டிகை நாள்ல அந்த அம்மா ஒரு பொய்ப் பாம்புக்கு முத்தம் குடுத்துட்டு நிக்கறதை என்னால பார்க்க முடியாது."

சொல்லிவிடுவது என்று முடிவானது. முடிவான மறுநாளே புதியவனின் கண்ணில் பால் படர்ந்தது. தோல் உரிக்கப்போகிறான்.

தலிபோர் இதை எப்படி மறந்தான் என்று கேட்கக் கூடாது. வாழ்நாள் முழுக்கப் பாம்பு வளர்த்தவனுக்குத்தான் இப்படி மறக்க வரும். தோலோடு நகப்பூச்சும் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, உண்மையைச் சொல்லத்தானே போகிறோம் என்று அவன் தைரியமாக இருந்தான். ஆனால் அறைக் காற்று வறண்டிருந்ததால் தோல் பாதியில் ஒட்டிக்கொண்டு கிழிந்து தொங்கியது. அப்படியே விட்டால் வால் நுனி அழுகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே குளியல் தொட்டி. அதில் கிறிஸ்துமஸ் கெண்டை மீன் நீந்திக்கொண்டிருந்தது.

எங்கள் நாட்டில் பண்டிகைக்கு முந்தின சில நாட்கள் யாரும் குளிப்பதில்லை. உயிரோடு வாங்கிய கெண்டைக்குத்தான் தொட்டி. பண்டிகைக்கு முந்தின நாள் அது தட்டுக்கு வரும். யித்கா முணுமுணுத்துக்கொண்டே அதை வாளிக்கு மாற்ற, தலிபோர் தண்ணீரை நிரப்பிப் பாம்பை இறக்கினான். வாளிக்குள் கெண்டை வாலை அடித்துச் சுவரெல்லாம் நனைத்தது. அழைப்பு மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

லிபுஷே கையில் தகர டப்பா நிறைய வனிலாப் பிறை பிஸ்கட்டுகள். "கை கழுவிட்டு வந்துடறேன்," என்று நேரே குளியலறைக்குள் போய்விட்டாள். தலிபோர் ஈரக் கையோடு பின்னாலேயே ஓடினான். தண்ணீரில் மிதந்த தோலை, எலும்பு நிறப் பொட்டோடு, அள்ளித் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். ஈரமாக வயிற்றில் ஒட்டியது.

தொட்டிக்குள் புதியவன் பளபளவென்று கிடந்தான். வாலில் ஒரு மாசு மறு இல்லை.

லிபுஷே குனிந்து பார்த்தாள். "தழும்பு எங்கே?"

சொல்லிவிடு என்று கதவுக்கு வெளியே நின்ற யித்கா கண்ணால் சொன்னாள். தலிபோர் வாயைத் திறந்தான். அந்தக் கறுப்புக் கோட்டையும், கோட்டுக்குள் இளைத்துப்போன தோளையும் பார்த்தான். வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"ஆறிடுச்சு லிபுஷே. இங்க வந்தப்புறம் நல்லா ஆறிடுச்சு. இளமை திரும்பிடுச்சு. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னும் இருபது வருஷத்துக்கு ஒண்ணும் பயமில்லைன்னார்."

"இருபது வருஷம்," என்றாள் லிபுஷே.

"அதுக்கு மேலயும் இருக்கலாம்."

அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். வாளிக்குள் கெண்டை வாயைத் திறந்து திறந்து மூடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குக்கூட ஒரு தேதி இருக்கு," என்றாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்க, சத்தம் வராமல் அழுதாள்.

தலிபோருக்கும் அழுகை வந்தது. கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. இந்த மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்க முடிந்ததே. பக்கத்தில் மண்டியிட்டு, கடிபட்ட கையால் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். சட்டைக்குள் தோல் நழுவியது. மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"அழாதீங்க லிபுஷே. உங்க மந்திரி உங்ககிட்டயே திரும்பி வந்துடுவான்."

லிபுஷே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொட்டிக்குள் கிடந்தவனை ஒரு தரம் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக, பாம்பு அறையில் கொழுத்துத் தூங்கும் ஓல்காவைப் பார்த்தாள். யித்காவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அவ இவனைத் தின்னுடுவாள்னு நம்பித்தானே தலிபோர் உன்கிட்ட கொண்டுவந்து விட்டேன், அவளுக்கு இன்னுமா பசிக்கலை?"